திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டுச் சுவரை முப்பரிமாணத்தில் பதிவு செய்வது எப்படி?

கேள்வி இது: “எங்கள் ஊர்ச் சிவன் கோயில் சோழர் காலக் கற்றளி. அதிட்டானம் (சுவருக்குக் கீழுள்ள அடித்தளப் பகுதி) முழுக்கக் கல்வெட்டு. சில மாதங்களில் திருப்பணிக்குச் சாரம் கட்டப் போகிறார்கள். அதற்குள் எல்லாவற்றையும் டிஜிட்டலாகப் பதிவு செய்ய வேண்டும். லேசர் ஸ்கேனர் வாடகைக்கு எடுக்கவா, கேமராவே போதுமா?”

கேமராவே போதும். லேசர் ஸ்கேனர் நல்ல கருவிதான், ஆனால் உங்கள் வேலை வேறு. முக்காலியில் நின்று சுழலும் ஸ்கேனர் முழுக் கட்டடத்தை அளப்பதற்கானது. பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் 2010இல் அப்படி அளந்து வைத்திருந்தார். 2019 ஏப்ரலில் கூரை எரிந்த பிறகு அந்த அளவுகளுக்குப் பெரும் மதிப்பு வந்தது. குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணற்றையும் 2011இல் லேசரால் அளந்திருக்கிறார்கள். ஆனால் அவ்வகைக் கருவியில் ஒவ்வொரு புள்ளியும் ஓரிரு மில்லிமீட்டர் முன்பின் ஆடும். தேய்ந்த எழுத்தின் ஆழமே ஒரு மில்லிமீட்டர் என்னும்போது எழுத்து அந்த ஆட்டத்தில் கரைந்துபோகும். எண்ணெய் ஏறிக் கறுத்த கல்லில் லேசர் இன்னும் தடுமாறும். ஐபோன் புரோவில் இருக்கும் லைடார் (லேசரால் தூரம் அளக்கும் உணரி) போதாதா என்றும் யாராவது கேட்பார்கள். அதன் பிழை சென்டிமீட்டர் கணக்கு. தரைப்படம் வரைய உதவும், எழுத்துக்கு உதவாது.

உங்களுக்கு வேண்டியது ஒளிப்பட அளவியல். ஒரே இடத்தைப் பல கோணங்களில் படமெடுத்தால், படங்களுக்குப் பொதுவான புள்ளிகளை மென்பொருள் கண்டுபிடித்து ஒவ்வொன்றின் ஆழத்தையும் கணக்கிடும். கல்வெட்டைத் துண்டு துண்டாகப் படமெடுத்துச் சேர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1858இல் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளைப் படமெடுத்து, 21 படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே காட்சியாக்கினார். இன்றும் அதைப் பயன்படுத்த முடிகிறது. நீங்கள் செய்யப்போகும் வேலையிலும் நிலைக்கப்போவது மூலப் படங்களும் அவற்றோடு சேர்ந்த அளவுகோலும்தான். முப்பரிமாண மாதிரியை ஐந்து ஆண்டு கழித்து வரும் மென்பொருள் இன்னும் நன்றாகச் செய்யும். எடுக்காத படத்தை எதுவும் தராது. எனவே உழைப்பில் பெரும்பங்கை படமெடுப்பதில் போடுங்கள்.

முதலில் கணக்கு. ஒரு பிக்சல் கல்லில் எத்தனை மில்லிமீட்டரைப் பிடிக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சென்சாரின் பிக்சல் அளவைத் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் விடை வரும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 3.9 மைக்ரான். 35 மி.மீ. லென்ஸோடு 1.5 மீட்டர் தள்ளி நின்றால் ஒரு பிக்சல் கல்லில் 0.17 மி.மீ. எழுத்தின் வெட்டு 2 மி.மீ. அகலம் என்றால் குறுக்கே 12 பிக்சல் கிடைக்கும். தெளிவான எழுத்துக்கு இது தாராளம். தேய்ந்த பகுதிக்கு 75 சென்டிமீட்டருக்கு நெருங்குங்கள். தூரம் பாதியானால் படங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும் என்பதால், அந்த நெருக்கத்தைச் சுவர் முழுவதற்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

1.5 மீட்டரில் ஒரு படம் சுமார் 1 மீட்டர் அகலம், 67 செ.மீ. உயரம் பிடிக்கும். பக்கத்துப் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று 75 சதவீதம் படிய வேண்டும். அதாவது படத்துக்குப் படம் 25 செ.மீ. நகர வேண்டும், முக்கால் அடிக்குக் கொஞ்சம் கூட. மேல்கீழ் வரிசைகளுக்கு 60 சதவீதம் போதும், 27 செ.மீ. இப்படி 10 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள அதிட்டானத்துக்கு ஐந்து வரிசை, வரிசைக்கு நாற்பது, ஆக 200 படம். ரா கோப்பு (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) ஒன்று 25 எம்பி என்று வைத்தால் 5 ஜிபி. பழகிய கைக்கு ஒரு காலை நேரம்.

அந்த 200 படங்களும் சுவருக்கு நேர் எதிரே நின்று எடுத்தவையாக இருந்தால் ஒரு கோளாறு காத்திருக்கிறது. நேரான சுவர் மாதிரியில் கிண்ணம் போல வளைந்து வரும். லென்ஸின் வளைவையும் சுவரின் வளைவையும் பிரித்தறிய மென்பொருளுக்கு வழி இல்லாததே காரணம். மருந்து எளிது: இடப்பக்கம் 15, 20 பாகை திரும்பி ஒரு வரிசை, வலப்பக்கம் அதே போல ஒரு வரிசை, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து இன்னொரு வரிசை. கூடுதலாக நூறு படம் ஆகும், வளைவு போய்விடும். கணினியில் உட்கார்ந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்களே அதிகம்.

கேமரா அமைப்பில் பிடிவாதம் வேண்டும். ஜூம் லென்ஸ் வேண்டாம். வேறு இல்லையென்றால் ஒரே குவியத் தூரத்தில் வைத்துச் செல்லோடேப்பால் வளையத்தை ஒட்டிவிடுங்கள். ஃபோகஸை ஒருமுறை சரிசெய்து, மேனுவலுக்கு மாற்றி, அந்த வளையத்தையும் ஒட்டுங்கள். லென்ஸின் துளைக்கு எஃப்/8 நல்லது: 1.5 மீட்டரில் குவித்தால் ஏறத்தாழ 1.3 முதல் 1.8 மீட்டர் வரை தெளிவாக விழும், அரைத்தூணும் கோட்டமும் (சிலை மாடம்) முன்பின் இருந்தாலும் அடங்கும். எஃப்/16க்குப் போனால் ஒளி சிதறிப் படம் மொத்தமும் மழுங்கும். ஐஎஸ்ஓ 100 முதல் 400. கையில் பிடித்தால் ஷட்டர் நொடியில் 125இல் ஒரு பங்குக்கு மேல் திறந்திருக்கக் கூடாது, திறந்திருக்க வேண்டுமென்றால் ட்ரைபாட். நடுக்கம் தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்; அது லென்ஸையோ சென்சாரையோ படத்துக்குப் படம் நகர்த்துவதால் கணக்கு கலங்கும். வெள்ளைச் சமநிலையைப் பூட்டி, ஒவ்வொரு சுவரின் தொடக்கத்திலும் வண்ண அட்டையை வைத்து ஒரு படம் எடுங்கள். படங்களை வெட்டாதீர்கள், லென்ஸ் திருத்தம் போடாதீர்கள். முக்கியமாக, வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேர்க்காதீர்கள். அது அளவைச் சுருக்குவதோடு, கேமரா பற்றிய உள்தகவலையும் அழித்துவிடும். இப்படி வீணான வேலைகள் ஏராளம்.

அடுத்தது வெயில். நகரும் நிழலைக் கல்லின் பகுதியாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும். மேகமூட்டமான நாள் உத்தமம், அது நம் கையில் இல்லை. கிழக்குப் பார்த்த கோயிலில் மேற்குச் சுவரைக் காலையில் எடுங்கள், கிழக்கு முகத்தைப் பிற்பகலில். தெற்குச் சுவரில் ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் வெயில் விழும். விடியல் வெளிச்சம் வந்து கதிர் சுவரில் படுவதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் அதற்கு. வடக்குச் சுவரில் பலர் ஏமாறுவார்கள். தஞ்சை, குடந்தை வட்டாரத்தில் சித்திரை பிறந்த சில நாளிலிருந்து ஆவணி முதல் வாரம்வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே போகும், அப்போது வடக்குச் சுவரிலும் நேர்வெயில் இறங்கும். புரட்டாசி நடுவிலிருந்து பங்குனித் தொடக்கம்வரை அங்கே பகல் முழுக்க ஒரே சீரான நிழல் என்று நம்பலாம்.

இனி அதிட்டானம். தட்டைச் சுவர் என்று நினைத்து எடுத்தால் பாதி எழுத்து போய்விடும். அடியில் உள்ள ஜகதி நேராக இருக்கும், அதற்கு முன்சொன்ன வரிசைகள் போதும். அதற்கு மேலே புடைத்து நிற்கும் முப்பட்டைக் குமுதத்தில் மூன்று முகங்கள் மூன்று திசை பார்க்கும்; கீழ்ப்பட்டையில் உள்ள வரி நின்றுகொண்டு எடுத்தால் தெரியவே தெரியாது. முழங்கால் உயரத்தில் கேமராவை வைத்து மேல்நோக்கி ஒரு வரிசை, நேராக ஒன்று, நெஞ்சு உயரத்திலிருந்து கீழ்நோக்கி ஒன்று எடுக்க வேண்டும். உருள் குமுதமானால் இந்த மூன்றுக்கும் இடையே இன்னும் இரண்டு. குமுதத்துக்கு மேலே உள்ளடங்கிய கண்டத்தின் உட்குழிவில், அதன்மேல் நீண்டிருக்கும் பட்டிகையின் நிழல் விழும். அங்கே வெளிச்சம் போதாமல் படத்தில் இரைச்சல் ஏறும் என்பதால் வெள்ளைத் தெர்மாகோல் பலகையால் ஒளியைத் திருப்புங்கள். மூலைகளில் அவசரம் கூடாது. 90 பாகைத் திருப்பத்தை இரண்டு படத்தில் தாண்டினால் இரு சுவர்களும் ஒன்றோடொன்று சேராது; 15 பாகைக்கு ஒன்றாக ஆறேழு படம் எடுங்கள். தரைமட்டம் உயர்ந்து ஜகதியின் கீழ்வரிகள் புதைந்திருக்கும் கோயில்கள் நிறைய. திருப்பணியில் மண் எடுக்கும் நாளில் இன்னொரு முறை வந்து நிற்க இப்போதே சொல்லி வையுங்கள்.

அளவுகோல் இல்லாத மாதிரி வெறும் பொம்மை. ஒரு மீட்டர் அலுமினியக் குழாயின் இரு முனைகளிலும் மென்பொருள் அடையாளம் காணும் அச்சடித்த குறியீட்டுப் புள்ளிகளை ஒட்டி, மையத்துக்கு மையம் தூரத்தை எஃகு அளவுகோலால் கால் மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்து குழாயிலேயே எழுதுங்கள். தையற்காரர் டேப் நீளும், வேண்டாம். அலுமினியமும் வெயிலில் நீளும்: 20 பாகை சூடு ஏறினால் மீட்டருக்கு அரை மில்லிமீட்டர். நிழலில் வையுங்கள். சுவருக்கு இரண்டு குழாய் கிடைமட்டமாக, ஒன்று செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் போதும். கல்லில் எதையும் ஒட்டக் கூடாது. மூன்றில் இரண்டின் நீளத்தை மட்டும் மென்பொருளுக்குக் கொடுங்கள். மூன்றாவதை மாதிரியில் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தால் வேலை சரி, மூன்று நான்கு பிசகினால் எங்கோ தவறு. இந்தச் சோதனை இல்லாமல் “துல்லியம்” என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ், கோலமாவு, விபூதி தேய்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கல்லுக்குக் கேடு என்பது ஒருபுறம். தேய்த்தவர் எதை எழுத்து என்று நினைத்தாரோ அதுவே படத்தில் பதிவாகும் என்பது அதைவிடப் பெரிய கேடு. ஒரு கீறலும் கொம்பாகிவிடும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசு தட்டுவதோடு நிறுத்துங்கள். கம்பித் தூரிகை, அமிலம், மணல் வீச்சு எதுவும் கல்வெட்டுப் பக்கம் வரக் கூடாது. மணல் வீசிச் சுத்தம் செய்த கற்களில் வெட்டின் விளிம்பு மழுங்கி, பிறகு எந்தக் கேமராவாலும் மீட்க முடியாது. வெள்ளையடித்த சுவரை என்ன செய்வது என்று கேட்பீர்கள்: அப்படியே எடுங்கள். சுண்ணாம்பை நீக்குவது பாதுகாப்பு வல்லுநர் வேலை. அவர்கள் நீக்கியதும் மீண்டும் எடுக்கலாம்.

ஒளிப்பட அளவியலிலும் படியாத வரிகள் சில இருக்கும். அவற்றுக்குச் சாய்வொளி முறை. கேமராவை ட்ரைபாடில் அசையாமல் நிறுத்தி, ஒரே சட்டகத்தில் விளக்கை மட்டும் வெவ்வேறு திசைகளில் நகர்த்தி 40 முதல் 60 படம் எடுப்பது. டாம் மால்ஸ்பெண்டர் எச்பி ஆய்வகத்தில் 2001இல் வெளியிட்ட கணக்குமுறையில் பிறந்தது இது. கல்லின் பக்கத்தில் இரண்டு பளபளக்கும் கறுப்பு உருண்டைகளைத் தனித் தாங்கியில் வையுங்கள். அவற்றில் தெரியும் ஒளிப்பொட்டிலிருந்து விளக்கு எங்கே இருந்தது என்பதை மென்பொருள் அறியும். உருண்டை படத்தில் 250 பிக்சல் குறுக்களவாவது இருக்க வேண்டும். விளக்கின் தூரம் எடுக்கும் பரப்பின் மூலைவிட்டத்தைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு. ஒரு நூலைக் கட்டி ஒவ்வொரு முறையும் அதே தூரம் பிடியுங்கள், படமெடுக்கும் நொடியில் நூலை விலக்குங்கள். ஒளியின் சாய்வு 15 முதல் 65 பாகைக்குள். பகல் வெளிச்சம் ஃப்ளாஷை விழுங்கிவிடும் என்பதால் அந்தி சாய்ந்த பிறகே இது நடக்கும். ட்ரைபாட் காலை யாராவது இடறினால் அந்தத் தொகுதி முழுதும் வீண், முதலிலிருந்து எடுக்க வேண்டும். ரிலைட் என்ற இலவச மென்பொருளில் சேர்த்துப் பார்த்தால், திரையில் விளக்கை எந்தப் பக்கமும் திருப்பிப் படிக்கலாம். ஒரு தொகுதியில் ஒரு மீட்டருக்கு மேல் பிடிக்க முயலாதீர்கள்.

கணினிக்கு 32 ஜிபி நினைவகமும் 8 ஜிபி என்விடியா கிராபிக்ஸ் அட்டையும் இருந்தால் சுவர் சுவராகச் செய்துவிடலாம். படங்களைச் சேர்க்கும் மென்பொருள்களில் மெஷ்ரூம் இலவசம், மெதுவானது. ரியாலிட்டிஸ்கேன் ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம், வேகமானது. மெட்டாஷேப்பின் மலிவுப் பதிப்பில் அளவுகோலைக் கொடுக்கும் வசதி கிடையாது. அதில் செய்தால் பிறகு கிளவுட்கம்பேர் என்ற மென்பொருளில் கொண்டுபோய் இரு புள்ளிகளுக்கு இடையே அளந்து பெருக்க வேண்டும். எதில் செய்தாலும், படங்களை ஒழுங்குபடுத்திய கட்டத்தில் சராசரிப் பிழை ஒரு பிக்சலுக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். மெஷ் (புள்ளிகளை இணைத்த முக்கோண வலைப்பரப்பு) செய்யும்போது ஓட்டை அடைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஓட்டை தெரிந்தால் “இங்கே படம் இல்லை” என்று உண்மை தெரியும். அடைத்தால் மென்பொருள் இல்லாத கல்லைப் பொய்யாகச் செதுக்கி வைக்கும். மங்கலான வண்ணப் பொட்டுகளால் உருவத்தைக் காட்டும் காஸியன் ஸ்ப்ளாட்டிங் வகைக் காட்சிகள் கண்ணுக்கு அள்ளும். ஊர்க்காரர்களுக்குக் காட்ட நல்லது, ஆழத்தை அளக்க அதை நம்பாதீர்கள்.

படிப்பதற்கான வெளியீடு வேறு. மெஷ்ஷின் ஒரு நகலை எழுத்தெல்லாம் மறையும் அளவுக்கு மழுக்கி, அசலுக்கும் மழுக்கியதற்கும் இடையே உள்ள தூரத்தைக் கிளவுட்கம்பேரில் கணக்கிட்டு, கழித்தல் 2 முதல் கூட்டல் 2 மி.மீ. வரை சாம்பல் நிறச் சாயலில் காட்டுங்கள். கல்லின் நிறம், பாசி, எண்ணெய்க் கறை எல்லாம் மறைந்து வெட்டு மட்டும் நிற்கும். சுவர் நெளிந்திருந்தாலும் இது வேலை செய்யும். தட்டைத் தளத்தோடு ஒப்பிட்டால் செய்யாது. இந்தப் படத்தையும், பிக்சலுக்கு 0.25 மி.மீ. அளவில் நேர்ப்படத்தையும் (கோணச் சாய்வு நீங்கி அளவு மாறாத படம்) கல்வெட்டு படிப்பவரிடம் கொடுங்கள். 10 மீட்டருக்கு 40,000 பிக்சல் வரும் என்பதால் துண்டுகளாக வெட்டித் தாருங்கள். இது மைப்படிக்கு (ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒற்றி மை தடவி எடுக்கும் படி) மாற்று என்று அவரிடம் சொல்லாதீர்கள். விரலால் தடவியும் காகிதத்தை அழுத்தியும் அறிவது சில இடங்களில் இன்னும் மேல். பொரிந்து உதிரும் கல்லில் மட்டும் ஈரக் காகிதத்தை ஒற்றாமல் இதையே நம்பலாம்.

உங்கள் கோயில் கல்வெட்டுகள் ஏற்கெனவே படியெடுக்கப்பட்டவையா என்று 1887 முதல் வெளிவரும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் தேடி, அந்த ஆண்டு எண்ணைக் கோப்பின் பெயரிலேயே சேருங்கள். சுவரைப் பிரித்துக் கட்டப் போகிறார்கள் என்றால் இதைவிட அவசரமான ஒன்று உண்டு. கற்கள் இடம் மாறி, ஒரு வரியின் பாதி தெற்கிலும் மீதி மேற்கிலும் இருக்கும் கோயில்கள் தமிழ்நாட்டில் பல. நேர்ப்படத்தை அச்சிட்டு, அதில் ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, ஸ்தபதியிடம் ஒரு படி கொடுங்கள். எண்ணைக் கல்லின் முகத்தில் எனாமலால் எழுதாமல், இணைப்புக்குள் மறையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக. அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரின் எழுத்துபூர்வ இசைவு. கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகு, வாய்மொழி அனுமதியோடு உள்ளே போய் நிற்பது சரிப்படாது. மத்தியத் தொல்லியல் துறையின் காப்புச் சின்னத்தில் ட்ரைபாடுக்கே தனி அனுமதி கேட்பார்கள். விமானத்துக்கு ட்ரோன் பறக்கவிடுவதானால் 2021 ட்ரோன் விதிகளின்படி அது பதிவு எண் பெற்றிருக்க வேண்டும், அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஊர் பச்சை மண்டலமா என்றும் பார்க்க வேண்டும். கருவறையைப் பதிவு செய்ய வற்புறுத்தாதீர்கள். இருட்டு, எண்ணெய், புகை எல்லாம் சேர்ந்து அங்கே பலனும் குறைவு.

செப்புத் திருமேனிகளைத் தனியே எடுத்து வையுங்கள்: முன், பின், இரு பக்கம், பீடம், பழுதுபட்ட இடம், அளவுகோலோடு. திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் சான்றாக நின்றன. ஆனால் இந்தப் படங்களையும், அறை, பூட்டு, சன்னல் தெரியும் மாதிரிகளையும் இணையத்தில் ஏற்ற வேண்டாம். கல்வெட்டுச் சுவரை மட்டும் ஏற்றுங்கள்.

ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய படங்களைக் குறைந்த தரத்தில் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். எந்தப் படம் ஒட்டவில்லை, எந்த மூலை விட்டுப்போயிற்று என்பது அரைமணியில் தெரியும், மறுநாள் காலையே போய் எடுத்துவிடலாம். சவுக்குக் கழியும் கயிறும் சுவரை மறைத்த பிறகு அதற்கு வழியில்லை. மூலப் படங்கள், அளவுகோல் நீளங்கள், மென்பொருள் அறிக்கை மூன்றையும் ஒரே கோப்புறையில் வைத்து, ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் (கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்று காட்டும் எண்) எடுத்து, இரண்டு வன்தட்டுகளில் நகலெடுங்கள். ஒன்று கோயிலில், இன்னொன்று வேறு ஊரில். ஆண்டுக்கொரு முறை இரண்டையும் திறந்து எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள்.